மணி அடித்தால் எடுக்க மாட்டேன்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் உன் அம்மா சுகம், நான் போன புதன்கிழமையிலிருந்து சுகமாக இல்லை. நீயும் மாப்பிள்ளையும் முழுசாக, கை கால் சுகத்தோடு இருந்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். தினமும் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ அதையும் கார் ஓட்டிக்கொண்டேதான் கேட்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே துணி துவைக்கிற மெஷின் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிறது, உன் அம்மா "இதோ வரேன் இரு" என்று அதற்குப் பதில் சொல்கிறாள், எனக்கு அந்த மரியாதை கிடையாது. எதிர் வீட்டு டெய்லர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். பின்னால் ஏதாவது இருந்தால் அது கீச் கீச்சென்று கத்துமாம், "இனிமே கழுத்தைத் திருப்பவே வேணாம் சார்" என்று பெருமையடித்தார், மூன்றாம் நாள் தன் வீட்டு கேட்டையே இடித்துச் சாய்த்தார். அன்றைக்கு மட்டும் கத்தவில்லையாம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன், மூன்று கண்ணாடியும் ஒரு கழுத்தும்தான் எனக்கு இருந்த மெஷின். உன் கார் தானே பிரேக் போடும், தானே கோட்டுக்குள் போகும் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த கேட்தான் ஞாபகம் வந்தது, சொன்னால் பழைய காலத்து ஆள் என்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூடியிருக்கக் கூடாது. புதன்கிழமை வழக்கம்போல் வேலை முடிந்து காரில் ஏறியதும் கூப்பிட்டாய். மாப்பிள்ளை வைத்த தக்காளிச் செடி காய்த்ததா என்று நான்தான் கேட்டேன். "இருங்கப்பா, போட்டோ அனுப்பறேன்" என்றாய். உடனே ஒரு லாரி ஹாரன், நீ ஐயோ என்றாய், லைன் போய்விட்டது. நீ எங்கே இருக்கிறாய் என்று காட்ட என் போனில் வைத்துக் கொடுத்தாயே நீலப் புள்ளி, அதைத் திறந்து பார்த்தேன். வீடு, கடை எதுவும் இல்லாத பெரிய ரோட்டில் அது அப்படியே நின்றது. பதினோரு நிமிஷம். போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புள்ளி மெல்ல நகர்ந்தது. "டவர் கட் ஆயிடுச்சுப்பா" என்று செய்தி அனுப்பினாய். உன் அம்மாவிடம் நானும் அதையே சொன்னேன். ஆனால் டவர் ஹாரன் அடிக்காது, மகளே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவுக்கும் தெரியாது. உனக்கு ஆறு வயதில் லீவு நாளில் ஒருநாள், சட்டத்துக்கு விரோதமாக உன்னை என் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார வைத்தேன். நான் பிரேக் போட்டதில் நீ கண்டக்டர் மடியில் போய் விழுந்ததை இன்னும் சிரிப்புக் கதையாகச் சொல்கிறாய். ஏன் போட்டேன் என்று நீ கேட்டதே இல்லை. "பஸ்ஸுக்குக் கால் வலிக்குமாப்பா" என்று கேட்டாய், நான் சிரித்து உன் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிப் பார்த்தால் முன்னால் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள். சைக்கிள் பஸ் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அவள் பிழைத்தாள். என் திறமையால் இல்லை, அவள் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டதால். அவள் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது, புதன்கிழமையிலிருந்து அந்த முகம் உன்னுடையதாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. தக்காளியைப் பற்றிக் கேட்டு என் பிள்ளையை நானே கொன்றிருப்பேன்.

அதனால் இனி நீ காரில் இருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். உன் அம்மாவும் எடுக்க மாட்டாள், என்னிடம் காரணம் கேட்டுத் திட்டுவாள், வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. உன் குரல் கேட்காத நாள் எனக்கு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும்.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை முதுகுவலியைப் பார்த்துக்கொள்ளச் சொல். போன் அடிக்கும்போது நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அது உன் வீட்டு வாசலில் நின்ற பிறகு கூப்பிடு, முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா