பதினேழாம் தேதி, புதன்கிழமை

17 ஜூன் 2024, திங்கட்கிழமை
காலை 10.20

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இடது இடுப்பு மட்டும் தன் விருப்பப்படி சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். நீ அனுப்பிய கைத்தடி 11ஆம் தேதி வந்து சேர்ந்தது. உயரம் சரியாக இருக்கிறது. அடியிலுள்ள ரப்பர் தரையில் கீச்சிடுவதால் நான் எந்த அறைக்குப் போகிறேன் என்பது மாடிவீட்டுக்காரர் வரைக்கும் தெரிந்துவிடுகிறது. நான்கு நிமிடம் தாமதமாக ஓடுகிறது என்று எந்தச் சுவர்க் கடிகாரத்துக்காக மே 13ஆம் தேதி ஸ்டூலில் ஏறி விழுந்தேனோ, அது இப்போது ஆறு நிமிடம் தாமதமாக ஓடுகிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன், இதுவே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொள்.

நீ 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் எழுதவே உட்கார்ந்தேன். பேத்தி நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது, அவள் மனதை நான்தான் மாற்ற வேண்டும் என்றாய். "நீங்க ஒரு கடிதம் எழுதுங்கப்பா, உங்க பேச்சுன்னா கேப்பா" என்றாய். அத்துடன் நிறுத்தியிருந்தால் நான் எதையாவது எழுதித் தப்பித்திருப்பேன். "அன்னிக்கு உங்களுக்குத் தேதி மாறிப்போனது நல்லதாத்தான் போச்சு, இல்லேன்னா நானும் அந்த வேலையில மாட்டிக்கிட்டு இருப்பேன்" என்றும் சொன்னாய். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எட்டு நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "விடுங்கப்பா" என்பாய், நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

1997 நவம்பர் 4ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை உன் அம்மா வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்துக் கட்டிலில் நினைவே இல்லாமல் ஓர் அம்மாள் கிடந்தார். அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வார்டு நர்ஸ், "அம்மா, இப்போ உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். காதில் விழாதவரிடம் எதற்குச் சொல்கிறார் என்று நான் கேட்டேன். நீ அந்த நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நான் நர்ஸிங்தான் படிப்பேன் என்றாய். அடுத்தவர் மலஜலம் அள்ளும் வேலைக்கா உன்னைப் படிக்கவைத்தேன் என்று நான் சத்தம் போட்டேன். "அம்மாவுக்கு அதைச் செஞ்சவங்களைப் பதினோரு நாளா கும்பிட்டீங்களேப்பா" என்று கேட்டாய். வாதத்தில் உன்னை வெல்ல முடியாது என்று தெரிந்துகொண்டது அன்றுதான்.

தேர்வுக் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஒரு தேதி தவறினால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும் என்று எனக்குக் கீழே வேலை செய்தவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். முக்கியமான தபால் எல்லாம் என் அலுவலக முகவரிக்கே வர வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். உன் நேர்காணல் அட்டை 1998 ஜூன் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, என் மேஜைக்கு வந்தது. அதில் ஜூன் 17, புதன்கிழமை, காலை பத்து மணி என்று தெளிவாக அச்சடித்திருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்து உன்னிடம் 19, வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். அட்டையைக் காட்டுங்கள் என்று நீ கேட்கவில்லை. நான் சொன்ன தேதியை நம் வீட்டில் யார்தான் சரிபார்த்தார்கள். நாள்காட்டி என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தீர்கள். மகளே, எனக்குத் தேதி மாறவில்லை. தெரிந்தே மாற்றினேன்.

19ஆம் தேதி உன்னோடு நானும் வந்தேன். நீ தலைவாரி, சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிய கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தாய். வாசலில் இருந்த காவலாளி, "சார், அது புதன்கிழமையே முடிஞ்சுபோச்சே, நீங்க பேப்பரைப் பாக்கலியா" என்றான். நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அட்டை அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. திரும்பி வரும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்க தேதியையும் தலையில வெச்சிருக்கீங்க, ஒண்ணு தவறாதா? அம்மாகிட்ட நான்தான் தப்பாப் படிச்சேன்னு சொல்லிடறேன்" என்றாய். சொல்லவும் செய்தாய். தேதிகூடப் படிக்கத் தெரியாதவள் என்று உன் அம்மா உன்னை ஏசினாள், நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அடுத்த வருடம் முயலலாம் என்று நீ கெஞ்சினாய். ஜூலை 1ஆம் தேதியே உன்னை வணிகவியல் வகுப்பில் சேர்த்துவிட்டேன், அந்தத் தேதி மட்டும் எனக்குத் தவறவில்லை. 2015இல் கண் மூடும்வரை உன் அம்மா, நீ தேதியைத் தப்பாகப் படித்த கதையைக் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி அவளிடம் திருத்திச் சொல்ல வழியில்லை.

இந்த முறை ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மே 16ஆம் தேதி, அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள், பயிற்சிக்கு வந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "தாத்தா, இப்போ உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன், இடது காலை நான் பிடிச்சுக்கறேன், நீங்க பயப்படாதீங்க" என்றாள். எந்த வேலைக்காக உன்னிடம் சத்தம் போட்டேனோ அதை எனக்குச் செய்தாள், முகம் சுளிக்காமல், கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே. நான் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். என் சிகிச்சைக் குறிப்பேட்டில் அறுவைச் சிகிச்சைத் தேதி 15 என்று இருக்க வேண்டிய இடத்தில் அவள் 14 என்று எழுதியிருந்ததை நான் திருத்தச் சொன்னதிலிருந்து எங்களுக்குள் சிநேகம். "உங்க கையில ஒரு காலண்டரைக் கொடுத்துட்டா டாக்டரே வேண்டாம் போலிருக்கே" என்று கிண்டல் செய்வாள். இந்தப் படிப்புக்கு ஏன் வந்தேன் என்று கல்லூரியில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தாள். சேவை, தியாகம் என்று அழகாக எழுதியிருந்தாள். உண்மையா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "வீட்டுல இருந்தா கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்கன்னு வந்தேன் தாத்தா. மூணாவது மாசம் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டு மாத்தினேன். மறுநாள் வேற யாரையும் தொடவிடல, அந்தப் பொண்ணு வரட்டும்னு ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தாரு. அதோட மாட்டிக்கிட்டேன்" என்றாள். அதையே எழுது என்றேன்.

நீ அன்று தொலைபேசியைப் பேத்தியிடம் கொடுத்தாய் அல்லவா, அவள் எடுத்தவுடன், "தாத்தா, திட்டணும்னா சீக்கிரம் திட்டிடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்றாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில் கை முறிந்தபோது எல்லோரும் வலிக்காது, வலிக்காது என்றார்களாம். நர்ஸ் மட்டும், வலிக்கும், இருபது எண்ணு, அதற்குள் முடிந்துவிடும் என்றாராம். "சரியா இருபதுல வலி நின்னுடுச்சு தாத்தா. எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆளு அவங்கதான்" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஆகவே நீ கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது. உன் மகளுக்குத் தடை சொல்ல உனக்கு வேறு காரணம் இருந்தால் அது உன் உரிமை. ஆனால் அன்று நடந்ததை நல்லதென்று நினைத்து நீ முடிவு செய்யக் கூடாது, அது விதி செய்ததல்ல, உன் அப்பா செய்தது. தேதி போட்ட காகிதத்தை நான் கிழித்ததில்லை. அந்த அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலையில் மடிந்திருப்பது அன்று என் சட்டைப்பையில் இருந்ததனால். இன்றோடு சரியாக இருபத்தாறு வருடம். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் பேருந்திலேயே நீ மன்னித்துவிட்டாய், அதுவும் செய்யாத தவறுக்கு. செய்த தவறுக்கு உன் கோபம் பாக்கியிருக்கிறது. எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் காத்திருப்பேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பேத்தி எடுத்த காரியம் எதுவானாலும் நிறைவேறட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பேத்தியின் நேர்காணல் தேதியை நீ என்னிடம் சொன்னாய், நான் அதை இங்கே எழுதவில்லை. அழைப்பை எடுத்து அவளை விட்டே சத்தமாகப் படிக்கச் சொல், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள். என்னைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா