வெள்ளை எந்தப் பக்கம், ரத்னாக்கா?

என் புதன்கிழமைத் துணையே, ரத்னாக்கா,

உங்கள் உதட்டோரம் இருந்த வெள்ளைத் திட்டு இடப்பக்கமா, வலப்பக்கமா? மூன்று வருடம் வாரம் தவறாமல் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். இதை உங்களிடமே கேட்க வெட்கமாக இருக்கிறது. போன வாரம் காலையில் தலை சீவும்போது உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கண் வந்தது, மூக்குத்தி வந்தது, உதட்டுக்குக் கீழே வந்ததும் எல்லாம் கலங்கிவிட்டது. சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நீங்கள் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் உங்கள் முகம் என்னைவிட்டுப் போகிறது. பிடித்து நிறுத்தலாம் என்றால் என்னிடம் உங்கள் உண்மையான படம் ஒன்றுகூட இல்லை. நாம் இரண்டு பேரும் எடுத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவள் படமில்லை என்று புலம்பினால் யார் நம்புவார்கள்?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதியமான்கோட்டைக்காரி, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் சொந்தக் காட்டில் ராகியும் அவரையும் போட்டவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு புதன்கிழமை, பூக்காரம்மாவின் கூடைக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்து, "ஏம்மா, இதுல வெரல் வுழாம எடுக்கறது எப்பிடி?" என்றீர்கள்.

"எனக்கும் வுழுதுங்க. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள். அப்போதுதான் அந்த வெள்ளையைப் பார்த்தேன். பார்த்தேன்தானே? பிறகு ஏன் எந்தப் பக்கம் என்று நினைவில்லை?

அன்று ஆரம்பித்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு நம்மை யார் பிடிக்க முடிந்தது? பாப்பாரப்பட்டி சந்தையில் புளி தட்டுகிற கைகளை எடுத்தோம். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு பஸ் மாறிப் போய், கூட்ஸ் வண்டி போகும்வரை காத்திருந்து எடுத்தோம். எடுத்து முடித்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு படம் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவோம். போனில் இடம் இல்லாததால் வந்த பழக்கம் அது. ஆனால் எது நிற்கும், எது போகும் என்று நாம் போட்ட சண்டைக்காகவே நான் செவ்வாய்க்கிழமையே புடவையை மடித்து எடுத்து வைப்பேன். அறுபது வயதுக்கு மேல் எனக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

திரையில் கட்டம் விழும் வசதியை நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகக் காட்டினேன். "வானம் ஒரு பங்கு, நெலம் ரெண்டு பங்கு. பாத்தி கட்டறவளுக்கு இதச் சொல்லித் தரியா?" என்று என் மூக்கை உடைத்தீர்கள். எதையாவது நல்லதாகக் கண்டுவிட்டால் உங்களுக்குக் கன்னடம்தான் வரும். "நோடு சரோ, நோடு" என்று என் கையைப் பிடித்து இழுப்பீர்கள். பார் என்று நான் தமிழில் நினைத்துக்கொள்வதற்குள் நீங்கள் எடுத்து முடித்திருப்பீர்கள்.

உங்களை மட்டும் எடுக்க விடமாட்டீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு முறை நீங்களாகவே சொன்னீர்கள், உங்கள் அண்ணன் மகன் கல்யாணத்தில் மாலைத் தட்டைத் தொடப் போனபோது ஒருத்தி உங்கள் கையைத் தட்டிவிட்டதை. போட்டோக்காரர் குடும்பத்தை நிற்கவைத்தபோது நீங்கள் சமையல் கூடத்துக்குப் போய்விட்டதை. "தொத்தாதுன்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர் சொன்னா யாருக்கு வேணும்" என்றீர்கள், டீயை ஆற்றிக்கொண்டே.

அப்படிப்பட்ட நீங்கள் அந்த மொரப்பூர் பிளாட்பாரத்தில், கூட்ஸ் வண்டிக் காற்றில் முந்தானை பறக்க, திடீரென்று திரும்பி, "சரி, என்னைய எடு. நேரா எடு" என்றீர்கள். வாயை மூடவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா என்று உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் போனில் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி உண்டு. தொட்டால் 'அழகு' என்று வரும், தள்ளத் தள்ளத் தோல் வழவழப்பாகும். அதைக் கடைசிவரை தள்ளிவிட்டு எடுத்தேன். உங்களுக்குப் பரிசு கொடுப்பதாக நினைத்தேன், அக்கா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். "யாரிது?" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? "நீங்கதாங்க்கா! நல்லாப் பாருங்க, வெள்ளையெல்லாம் சுத்தமாப் போயிடுச்சு" என்றேன்.

"போயிடுச்சா" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு, "உன் ஒருத்திய நம்பித்தான் எடுக்கச் சொன்னேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன்னால் மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தீர்கள். உங்கள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே தருமபுரிவரை வந்தேன்.

அடுத்த புதன்கிழமை நீங்கள் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, நல்லது செய்யப் போய்க் கெட்ட பெயரா என்று. அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் உங்களிடமிருந்து ஒரு படம் வந்தது. இடம் அடைக்கிறது என்று படங்கள் தானாக இறங்காதபடி நான் நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் வந்தது மங்கலான ஒரு சதுரம், அதன் நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அடியில் நீங்கள் எழுதியிருந்தது: "இதை வெச்சிக்கோ. நோடு."

அம்புக்குறியைத் தொட்டிருந்தால் போதும். ஒரு விரல். நேரில் வந்து பேசட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்தாம் நாள் உங்கள் மகன் மஞ்சுநாத்திடமிருந்து போன் வந்தது. காட்டில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டீர்களாம். ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லையாம்.

உங்கள் வீட்டு வாசலில் மஞ்சுநாத் என்னிடம் வந்தான். "சின்னம்மா, பேனருக்கு அம்மா படம் எதனா இருக்குதுங்களா? ஆதார்ல மொகமே தெரியல, கருப்பா இருக்குது" என்றான். என் போனில் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தேன்.

மறுநாள் பாப்பாரப்பட்டி மெயின் ரோட்டில் உங்கள் பெயருக்கு மேலே வழவழவென்று வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். "படம் நல்லா வந்திருக்குது" என்று ஊரே சொன்னது. எனக்கு அதைப் பார்த்து அழுகைகூட வரவில்லை. அது நீங்கள் இல்லையே, யாருக்காக அழுவது? வாழ்நாள் முழுக்க உங்களை எட்டி நிற்கச் சொன்ன ஊருக்கு, அவர்கள் கேட்ட முகத்தையே நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போதாவது நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்தேனா? இல்லை. முதலில் கோபம், பிறகு பயம். குத்திக்காட்ட அதே படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பீர்களோ என்று உங்கள் பெயர் இருக்கிற பக்கமே விரல் போகவில்லை. புதன்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு படமும் எடுப்பதில்லை. இப்போது போனில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அக்கா, படத்தில் வேண்டாத ஆளை விரலால் தேய்த்தால் மறைந்துவிடுகிறார். அந்த வேலைக்கு எனக்குப் போன் தேவையில்லை.

சீப்போடு நின்ற அன்றுதான் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். நீங்கள் வைத்திருந்த போனைக் கேட்டேன். "அதப் போட்டுப் புதுசு வாங்கிட்டனுங்களே சின்னம்மா. எல்லாம் அழிச்சுத்தான் குடுத்தோம்" என்றான். மென்று விழுங்கிக்கொண்டு, அந்த வெள்ளை எந்தப் பக்கம் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் இருந்துச்சில்லீங்க?" என்றான். பெற்ற பிள்ளை! அவனைச் சொல்லி என்ன, நீங்கள் யாரையும் நேராகப் பார்க்க விட்டதில்லையே. வருஷ திதிக்கு அந்தப் படத்தையே பெரிதாகச் சட்டம் போடப் போகிறானாம். அது பொய்ப் படம், என் தப்பு என்று சொன்னேன். "இருக்கட்டுங்க. அம்மா உசுரோட இருக்கையில இப்பிடி இருக்கோணும்னு எவ்ளோ ஆசப்பட்டிருப்பாங்க" என்றான். அவனும் அழுதான்.

ஆசைப்பட்டீர்களா, அக்கா? நேராக எடு என்று சொன்னவர் நீங்கள்தானே?

அதற்குப் பிறகுதான் உங்கள் செய்தியைத் திறந்தேன். அம்புக்குறியை அழுத்தினேன். சுற்றியது, நின்றது. இந்தப் படம் இப்போது இல்லை, மறுபடி அனுப்பும்படி அனுப்பியவரைக் கேளுங்கள் என்று வந்தது. திரும்ப அழுத்தினேன். அன்று முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்ததுகூடத் தெரியவில்லை.

மங்கல் சதுரத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறேன். பச்சையாகத் தெரிவது உங்கள் கிளிப்பச்சைப் புடவை. நடுவில் மாநிறமாக உருண்டையாக ஒரு முகம். அதில் ஓர் ஓரமாக வெளுப்பாக ஏதோ இருக்கிறது. நட்சத்திரக் குறியைத் தொடாமல் நீங்களே உங்களை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கோபத்தில் அல்ல. எப்படி எடுப்பது என்று எனக்குக் காட்டுவதற்கு. அதை நான் திறக்கவில்லை.

நேற்று தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். "ரொம்ப நாள் எறக்காம வுட்டா போயிடுமுங்க. மேல மங்கலா நிக்கறது மட்டுந்தான் மிச்சம். வேணும்னா ஏஐல போட்டு மொகத்தத் தெளிவா வரவெச்சிடட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. இப்பிடியே பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றேன்.

"ஒண்ணுமே தெரியாதுங்களேம்மா?"

"பரவால்லீங்க."

வெளுப்பு படத்தில் வலப்பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் நேரில் உங்கள் முகத்தில் அது எந்தப் பக்கம் என்று கடைக்காரரைக் கேட்டேன். முன் கேமராவில் எடுத்திருந்தால் சில போன்களில் இடம் வலமாக மாறி விழும், அதனால் சொல்ல முடியாது என்றார். அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நம் பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். பூக்காரம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

வருஷ திதி அன்று இந்த மங்கல் படத்தை எடுத்துக்கொண்டு வருவேன். மஞ்சுநாத் கோபித்துக்கொண்டாலும் அந்த வழவழப்பான படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். இவர்தான் ரத்னாக்கா, இவரை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சபையில் சொல்வேன். அதனால் எல்லாம் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது உங்கள் முகம், அது எங்கேயும் இல்லை.

அனுப்பியவரைக் கேள் என்று போன் சொல்கிறது. எனக்கு வேறு வழி தெரியாமல் கேட்கிறேன். அந்தப் படத்தை மறுபடி அனுப்புங்கள், அக்கா. போனில் இடம் வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இந்த முறை வந்த உடனே திறப்பேன்.

நீங்கள் நம்பி முகம் காட்டிய தங்கை,
சரோஜா