சின்னவருக்கும் அதே வரிசை

சர்வர் அறைக் கதவைத் திறந்தால் உன் பச்சை ஸ்வெட்டர்தான் முதலில் கண்ணில் படுகிறது. நீ இறந்துபோன பிறகு உன் அண்ணன் வந்து உன் பொருள்களை எடுத்துக்கொண்டபோது இதை மறந்துவிட்டார். நினைவூட்ட எனக்கும் மனம் வரவில்லை. இன்று புது சர்வரில் பயனர்களுக்கு முன்னுரிமை வைக்க வந்தவள், குளிருக்கு அதையே போட்டுக்கொண்டேன்.

இந்தப் பம்ப் கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்ள நாம் சேர்ந்த புதிதில், முதலாளியின் மகன் கணக்குக்கு மட்டும் எல்லாரையும்விட அதிக முன்னுரிமை இருந்தது. அவர் கேட்டதில்லை, நமக்கு முன்பிருந்தவர் மரியாதைக்காக வைத்தது. சின்னவர் தன் பம்ப் டிசைனை ஓட்டத் தொடங்கினால் பில்லிங்கில் திரைகள் உறைந்துவிடும். வாசலில் லாரி ஹார்ன் அடிக்கும். திட்டு மட்டும் பில் போடும் செல்விக்கு.

"இன்னொருக்கா பில்லு லேட்டானா வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க" என்று அவள் நம்மிடம் வந்து அழுதாள்.

"மரியாதைய வாயில குடுக்கோணும் புள்ள. சிபியூவுல குடுத்துபோட்டா இப்படித்தான்" என்றாய் நீ. யாருக்கு என்ன முன்னுரிமை என்று எழுதிவைக்கும் லிமிட்ஸ் கோப்பில் சின்னவரின் தனி வரியை அழித்தாய். டிசைன் குழு முழுவதற்கும் பத்து என்று எழுதினாய். எண் கூடினால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். சின்னவரோ லாக்அவுட் செய்வதே இல்லை.

"நீ போய்ச் சொல்லு" என்றாய்.

"நானா? நீயே சொல்லேன்."

"நாஞ் சொன்னா சண்டையாயிரும். நீ சொன்னா கேப்பாரு."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. முதலாளிகள் அறையில் நின்று பேசிப் பழகியவள் அல்ல. போனேன்.

"ஏனுங்க, ஒருக்கா லாக்அவுட் பண்ணிட்டு வாங்க. இனி உங்க வேலை பில்லிங்குக்குப் பின்னாலதான் ஓடுமுங்க."

"நானே பின்னாலயா, அம்மணி?"

"பில்லு போகாம லாரி நகராதுங்க. அவங்க சும்மா இருக்கறப்ப உங்களுது முழு வேகத்துல ஓடுமுங்க."

"இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லலீங்க?" என்றபடி லாக்அவுட் செய்தார்.

வெளியே நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாய். "ஊமைன்னு நெனச்சனே, வாயாடி!"

செல்வி இன்றும் பில்லிங்கில்தான் இருக்கிறாள். இன்று காலை புது மேலாளர் தனக்கு மட்டும் தனி முன்னுரிமை கேட்டு ஆள் அனுப்பினார். நானே அவர் அறைக்குப் போய், முடியாதுங்க என்றேன், காரணத்தையும் சொன்னேன். வேறு யாரையாவது அனுப்பலாம் என்ற நினைப்பே வரவில்லை. அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் நீ.