மீன்கொத்தி அணிக்கு ஒரு மடங்காத கத்தி

என் அன்பு நிரோ மச்சானுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: சீன நாட்டைப் பிறப்பிடமாகவும், என் களிசான் பொக்கற்றை வதிவிடமாகவும் கொண்ட மடக்குக் கத்தி அவர்கள், சென்ற மாதம் எங்கள் குசினியில் மீன் அடைத்த தகர ரின் ஒன்றைத் திறக்கும் முயற்சியின்போது கழுத்து முறிந்து காலமானார். அன்னார் தன் வாழ்நாளில் ஒரு தக்காளியையேனும் ஒழுங்காக வெட்டியவர் அல்லர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும் ஊரில் ரின் மீனால் சாவது அன்னாரின் தலைவிதி. நல்லடக்கம் குப்பை வாளியில் நடந்தேறியது. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

சிரித்தாயா? உன்னுடைய அறிவித்தலையும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். பஸ் தரிப்பிடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. ‘சல்லியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட.’ பதினாறு வயதில் வேறு எங்கே போய் வதிவது? மழைக் காலம், ஒரு நுளம்புக்கடி, ஒரு கிழமைக் காய்ச்சல். என்னை அடித்து விழுத்த வகுப்பில் மூன்று பேர் தேவைப்படும். உன்னை ஒரு நுளம்பு விழுத்திவிட்டது. இப்போதும் அந்தச் சுவரைக் கடக்கும்போது நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

சரி, செய்திக்கு வருகிறேன். நீ தலைவனாக இருந்த மீன்கொத்தி அணிக்கு ஆபத்து வந்தது. நீ போன பிறகு எங்கள் சாரணர் கூட்டத்தில் அந்தப் பதவி காலியாகவே கிடந்தது. இந்த விடுமுறையில் குச்சவெளிக்கு அப்பால் காட்டோரத்தில் பாசறை. ஒவ்வோர் அணியும் தானே கொட்டில் போட்டு, தானே நெருப்பு மூட்டி, தானே சமைக்க வேண்டும். போன மாதம் சாரணப் பொறுப்பாசிரியர் சேர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“மீன்கொத்தியைக் கலைச்சு, உங்களை மற்ற அணிகளுக்குப் பிரிச்சுப் போடப் போறன். தலைவன் இல்லாத அணியைக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போக ஏலாது.”

“நான் இருக்கிறன் சேர்,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நம்முடைய அணிப் பெடியன்களும் சிரித்தார்கள் என்பதைக் கவலையோடு பதிவு செய்கிறேன்.

“நீயோ? போன பாசறையில என்ர சப்பாத்துக்குள்ள நண்டு விட்டது ஆர்?”

“அது தானா வந்தது சேர். கடற்கரை எண்டால் நண்டு வரும்தானே.”

“பாசறை நடந்தது கந்தளாயில. அங்க ஏதடா கடற்கரை?”

பின்னாலிருந்து குமரன் வேறு தொடங்கினான். “வாயாலேயே அறுக்கிறவன் சேர். இவனைத் தலைவனாக்கினால் காட்டுக்குள்ள இருக்கிற யானையும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும்.”

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு ஏனோ முடியவில்லை. அறையின் மூலையில் நம்முடைய மஞ்சள் கொடி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் நீ வரைந்த மீன்கொத்தி. காகத்துக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கும். அதைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள் என்று நினைத்ததும் கால் நகர மறுத்தது. மற்றவர்கள் போன பிறகும் நின்றேன். சேர் கொப்பிகளை அடுக்கினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், நான் நின்றேன்.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார். “அணிக்கு ஒரு மடங்காத கத்தி வேணும். இடுப்பில உறையோட கட்டுறது. நீயே போய்த் தெரிஞ்செடுத்து வாங்கிக்கொண்டு வா. ஏன் அதைத் தெரிஞ்செடுத்தனி எண்டு எனக்குச் சொல்லோணும். சொல்லத் தெரியாட்டி அணி கலையும். இதில பகிடி ஒண்டும் இல்லை, விளங்குதோ?”

“ஓம் சேர்.”

நான் பகிடியில்லாமல் சொன்ன முதல் ‘ஓம்’ அதுதான் என்று நினைக்கிறேன்.

என்னைக் கத்திக் கடைக்குத் தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. “மூளையுள்ள ஆள் ஒண்டு கூடப் போகோணும்,” என்று சொல்லி உன் தங்கச்சி மதுவுக்குப் போன் எடுத்தா. அவள் சல்லியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். உன்னுடைய பழைய தொப்பியைப் போட்டிருந்தாள். அவளுக்கு அது கொஞ்சம் பெரிது.

துறைமுகப் பக்கம் இருக்கிற அந்தக் கடை உனக்குத் தெரியும். முதலாளி ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் கண்ணாடி மேசையில்தான் வைத்தார். “கையில தரமாட்டன். கத்தியைக் கைக்குக் கை குடுத்தால் சண்டை வரும்,” என்றார். அவர் எங்கே கண்டார், நாங்கள் பஸ் தரிப்பிடத்திலிருந்தே சண்டை பிடித்துக்கொண்டு வந்ததை!

மது கண்ணாடி அலுமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். எந்தக் கத்தி என்று சொல்லத் தேவையில்லை. முதுகில் மரம் அறுக்கிற வாள் பற்கள், பிடியின் நுனியில் திசைகாட்டி, பிடிக்குள் நெருப்புக்குச்சி, தூண்டில், ஊசி. நீயும் எத்தனை தரம் அதே இடத்தில் மூக்கை ஒட்டினாய்! நான்தானே உன்னை இழுத்துக்கொண்டு போவேன்?

“இதைத்தான் எடுப்பம். வழி தவறினாலும் வீட்டுக்கு வரலாம்,” என்றாள்.

நான் அதை எடுத்துக் காதருகே பிடித்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம். “பிடிக்குள்ள இவ்வளவு சாமான் இருந்தால் அலகுக்கு எங்க இடம்? ஒரு நகக்கண் அளவுதான் உள்ளுக்குப் போகுது. ஒரு விறகு பிளந்தால் பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம், திசைகாட்டி மட்டும் வடக்குப் பக்கம்.”

முதலாளியே சிரித்துவிட்டார். மது விடவில்லை. மீன் வெட்டுகிற நீளக் கத்தியைக் காட்டினாள். “அப்ப இது? எங்கட ஊரில எல்லாரும் வச்சிருக்கினம்.”

நான் பெருவிரலால் அலகை அழுத்திக் காட்டினேன்; பனையோலை போல வளைந்தது. “மீனுக்கு முள்ளைச் சுத்தி வளையோணும். விறகுக்கு வளைஞ்சால் கை போயிடும்.”

பிறகு முதலாளி கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். மினுக்கம் இல்லை, பல் இல்லை, படம் இல்லை. சாம்பல் நிறம். “சீ, பிச்சைக்காரக் கத்தி,” என்றாள் மது. நான் பிடியைப் பக்கவாட்டில் திருப்பினேன். இரண்டு மரத் துண்டுகளுக்கு நடுவே அலகின் இரும்பு அடி நுனிவரை ஒரே துண்டாக ஓடியது. அலகு என் உள்ளங்கை நீளம். கூர் ஒரு பக்கம் மட்டும், முதுகு தட்டை, தடியால் அடிக்கலாம். உறையில் போட்டுத் தலைகீழாக உலுக்கினேன், விழவில்லை. போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

“ஐயோ பிள்ளை, கண்ணாடியில தண்ணி ஊத்தாத!” என்று முதலாளி துணியோடு ஓடி வந்தார். “அது கறல் பிடிக்கிற இரும்பு. இஞ்ச கடல் காத்து. எவர்சில்வரில வேற இருக்கு, தரட்டோ?”

“வேண்டாம். காட்டுக்குள்ள மழுங்கினால் இதை ஒரு சாதாரணக் கல்லில தீட்டலாம். கறலுக்கு வீட்டில தேங்காயெண்ணெய் இருக்கு.”

எப்படி மச்சான்? கதிரையிலிருந்து எழும்பிக் கை தட்டியிருப்பாய்தானே?

கத்தி வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் தொடவே மாட்டா என்று நினைத்தேன். நடந்தது வேறு. “புது ஆயுதம். சும்மா தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போறதே?” என்று சாமியறைக்குக் கொண்டுபோனா. அந்தக் கத்தியாலேயே ஒரு தேசிக்காயை வெட்டி, இரண்டு பாதியையும் அலகிலே தேய்த்து, சந்தனம் குங்குமம் பூசி, அம்மாள் படத்துக்கு முன்னால் வைத்து, விடியும்வரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டா.

தேசிக்காய்ப் புளி, கறல் பிடிக்கிற இரும்பு, யன்னல் வழியே கடல் காற்று. விடிந்து பார்த்தால் அலகு முழுக்கக் கறுப்பும் நீலமுமாகத் திட்டுகள், கூரின் ஓரத்தில் செம்மஞ்சள் கறல். அன்றைக்குத்தான் சேரிடம் காட்ட வேண்டிய நாள். ‘கத்தி, கத்தி’ என்று கத்தினேன்.

“என்னத்துக்குக் கத்துறாய்? அம்மாள் தொட்டிருக்கிறா,” என்றா அம்மா, கொஞ்சமும் அசையாமல்.

சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தேன். கறல் போனது. கறுப்பு மழை மேகம் மாதிரி அலகிலேயே தங்கிவிட்டது.

சேரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “புதுக் கத்தியெண்டு கேள்விப்பட்டன்?”

“புதுசுதான் சேர். அம்மாள் தொட்டிட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் கதைக்கத் தொடங்கினேன். பிடிக்குள் ஓடும் இரும்பு, வளையாத அலகு, உள்ளங்கை நீளம், தட்டை முதுகு, கல்லில் தீட்டலாம், புளி பட்டால் கறுக்கும், எண்ணெய் பூசினால் தாங்கும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. சேர் வாளித் தண்ணீரில் ஊறிக் கிடந்த ஒரு கட்டையைத் தூக்கி முன்னால் போட்டார். “மூட்டு.”

அலகைக் கட்டையின் தலையில் வைத்து, அதன் முதுகில் ஒரு தடியால் அடித்தேன். பிளந்தது. ஊறின கட்டையின் நெஞ்சுக்குள் காய்ந்த மரம் இருந்தது, மச்சான். அதைச் சுருள் சுருளாகச் சீவி நெருப்பு வைத்தேன். புகைந்தது, இருமியது, பிறகு பிடித்தது.

“சரி. மீன்கொத்தி பறக்கட்டும்,” என்றார் சேர். ஆகவே, துறைமுகம் தொடக்கம் புல்மோட்டை வரை கத்தி தெரிவு செய்வதில் உன் நண்பனுக்கு நிகர் எவரும் இல்லை என்பதை இத்தால் சகலருக்கும் அறியத் தருகிறேன்.

இங்கே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். பேனை நகரமாட்டேன் என்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். மேலே கடைக்குள் நடந்ததை நீ இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் ‘மது’ என்று வாசி. ‘மது’ என்று வருகிற இடமெல்லாம் என்னைப் போட்டுக்கொள். ஓம், மூக்கையும் சேர்த்துத்தான். திசைகாட்டிக் கத்திக்கு நான் காசை நீட்டியும் விட்டேன். அவள்தான் என் கையைத் தட்டிவிட்டாள். அந்தத் திருத்தத்தில் உன்னுடைய மூக்கையும் கழித்துவிடு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கண்ணாடியில் ஒட்டினது எப்போதும் ஒரு மூக்குத்தான், அது என்னுடையது.

திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கேட்டேன், உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

“அண்ணாதான் சொன்னவர். போன வருசமே கடைக்குள்ள போய் அந்தத் திசைகாட்டிக் கத்தியை ஆட்டிப் பாத்தவர். வீட்டை வந்து எனக்கு ஒவ்வொண்டா விளங்கப்படுத்தினவர்.”

“எனக்கேன் சொல்லேல்ல?”

“நீங்கள் அதில ஆசைப்படுறியள் எண்டுதான். ‘துவா பாவம், அவனே கண்டுபிடிக்கட்டும்’ எண்டவர்.”

நான் கண்டுபிடிக்கவில்லை, மச்சான். சேருக்கு முன்னால் நின்று நான் ஒப்புவித்தது முழுக்க உன்னுடைய கதை, உன் தங்கச்சியின் வாய் வழியாக வந்தது. கட்டை பிளந்தது மட்டும் என் கை. சேர் சொன்ன நாளிலிருந்தே வீட்டுக் கத்தியால் கிணற்றடியில் எத்தனை கட்டை உடைத்தேன் என்று அம்மாவைக் கேள். உள்ளங்கை கொப்புளங்களையும் காட்டுவேன், நீ கேட்டால்.

நீயே தெரிஞ்செடுத்து வாங்கு என்றுதான் சேர் சொன்னார். ஆகவே வெள்ளிக்கிழமை விடிய, பாசறை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னம், எல்லோருக்கும் கேட்க அவரிடம் உண்மையைச் சொல்வேன். குமரன் சிரிக்கட்டும். அணியைக் கலைக்கிறேன் என்று சேர் சொன்னால், பஸ் வாசலிலேயே இன்னொரு ஊறின கட்டை கேட்பேன். அது போதாது என்றால் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் கட்டை முடியும்வரை பிளப்பேன். கொடியைச் சுருட்ட விடமாட்டேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம், பகிடி இல்லை.

இப்படிக்கு,
மதுவிடம் நாளாந்தம் ஏச்சு வாங்கும் அவளுடைய மற்ற அண்ணன்,
உன் மச்சான் துவா