சில் கலைந்துவிடும் என்று பயந்தேன்

இன்று காலை பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் வந்து நின்றாள். "அக்கா, நாளைக்குப் போயா. சில் எடுக்கப் போறேன். ஒங்க வெள்ளச் சீலயத் தருவீங்களா?" பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. ஆறு வருடமாக நான் தொடாத சேலை. அவளிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பௌர்ணமிப் போயாதோறும் சிங்களப் பெண்களோடு புத்தர் கோயிலான பன்சலையில் எட்டு விரதச் சில் எடுத்து, மறுநாள் விடியும்வரை நான் உட்கார்ந்திருப்பது உனக்கு எப்போதும் வேடிக்கை. முதலில் பக்தியால் போகவில்லை என்று உனக்குத் தெரியும். வெள்ளை கட்டியிருந்தால் கஹவத்தை போகும் வழியில் இராணுவச் செக் பொயின்டில் தமிழச்சி என்று என்னை பஸ்ஸிலிருந்து இறக்குவதில்லை. பிறகு பிக்குவின் உபதேசம் கேட்டுக் கேட்டு மனது ஒட்டிக்கொண்டது.

உனக்கோ இரத்தினபுரியில் பல் கட்டும் சீனக்காரர்தான் குரு. கல்யாணத்துக்கு முன் நீ அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது தாவோவைப் பற்றிச் சொன்னாராம். தாவோ என்றால் வழி, தண்ணீர் போல அதன் போக்கில் போக வேண்டும், எதையும் முட்டித் தள்ளக் கூடாது. மழை பெய்து பால்வெட்டு நின்ற நாட்களில், ரப்பர் மரத்தடியில் படங்கைப் போர்த்திக்கொண்டு நாம் இதைத்தான் பேசினோம்.

மூச்சு மூக்கு நுனியில் வந்து போவதை வெறுமனே பார்க்கப் பன்சலையில் சொன்னார்கள் என்றேன். நீ என் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினாய். "இங்கின எறக்கு புள்ள. பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நெறையுமா?"

ஆசைதான் துக்கத்துக்கு வேர், இனிப் பிறக்கவே கூடாது என்றேன்.

"நீ பொறக்காமப் போ. நான் இந்த ஒடம்பயே நூறு வருசம் ஓட்டப் போறேன்."

முப்பத்து நான்கு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தது. உன் புருஷன் கொழும்பில். மூன்றாம் நாள், போயா மத்தியானம், உன் மாமியார் பன்சலை வாசலுக்கு வந்தார். கண் சிவந்து, கால் வலியில் நீ எழும்ப முடியாமல் கிடப்பதைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் வேண்டும். ஆனால் நீ சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "ஏலுமுன்னா வரட்டும். கஷ்டப்படுத்த வேணாம்." உயிர் போகிற நேரத்திலும் நீ யாரையும் முட்டித் தள்ளவில்லை. இன்றுவரை அதற்காக உன் மேல் எனக்குக் கோபம்.

நான் எழுந்திருக்கவில்லை. பாதியில் எழுந்தால் சில் கலைந்துவிடும், தமிழச்சிக்கு ஒரு நாள் முழுக்க இருக்க முடியவில்லை என்பார்கள் என்று பயந்தேன். "விடிஞ்சதும் வந்துர்றேன்" என்று சொல்லி உன் மாமியாரை அனுப்பிவிட்டேன்.

விடிந்து வந்தபோது உனக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல், நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

பிக்குவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார்: "போயிருக்கலாமே, மகளே. யார் வேணாம்னு சொன்னது? சில்ல நாளைக்கும் எடுத்துக்கலாமே." பக்கத்தில் இருந்த பெண்களும் தலையசைத்தார்கள். அவர்கள் பிள்ளைக்குத் தலைவலி என்றாலே எழுந்து போய்விடுகிறவர்கள். பிறந்ததிலிருந்து அந்த விரதம் அவர்களுடையது. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட நான்தான் அவர்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பன்சலைக்குப் போகவில்லை. நீ சொன்னபடி மூச்சை இறக்கியும் பார்த்தேன். நெஞ்சுக்குக் கீழே அது இறங்குவதில்லை.

நம் பேச்சை மட்டும் நான் விடவில்லை. பன்சலையில் கேட்ட என் பக்கத்துக் கணக்குப்படி நீ வேறெங்கோ பிறந்திருப்பாய், ஆனால் ஆத்மா என்று எதுவும் கூடப் போவதில்லை என்பதால் பிறந்தவள் நீயில்லை. தாவோ பேசும் உன் பக்கத்துக் கணக்குப்படி, தண்ணீரில் தண்ணீராக வந்த இடத்திலேயே கரைந்திருப்பாய். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இரண்டிலுமே என்னை மன்னிப்பதற்கு நீ இல்லை.