அப்பா பேர் எழுதிய மின்விசிறி

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே உடைந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்க்க வசூல் செய்தார்களே, நீயும் அப்பா நினைவாகப் பணம் அனுப்பினாயே, அதில் வாங்கி மாட்டிய மின்விசிறி மூன்றாம் வகுப்பில் கூரைப் பூச்சோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. கீழே தையல்காரர் மகள். உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் வலது கை இனி பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிமெண்டும் கம்பியும் விற்றுப் பிழைக்கிறவள் நான், எந்தக் கூரை எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் கூரையைப் பாருங்கள் என்று கூட்டத்தில் தொண்டை கிழியச் சொன்னேன். கமிட்டித் தலைவர், நம் மரக்கடைக்காரர்தான், என்னம்மா, உங்க கடையில சிமெண்ட் தேங்கிடுச்சாக்கும் என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். கூரைக்குக் காசு தர ஒருத்தரும் இல்லை, அங்கே பேர் எழுத முடியாதே. வாசல் வளைவுக்குப் போட்டி, மேடைக்குப் போட்டி, மின்விசிறி றெக்கைக்குக்கூடப் போட்டி, அதில் நாமும் ஒருத்தர். மாட்ட வந்த எலக்ட்ரீசியன் துளை போட்டதும் மாவாகக் கொட்டியிருக்கிறது, இது தாங்காது சார் என்று இறங்கிவிட்டாராம். அதிகாரி திறக்க வர்றாரு, இது சுத்தலேன்னா என் மானம் போயிடும், மாட்டுய்யா என்று தலைவர் விரட்டியிருக்கிறார். அங்கே நின்று கேட்டவள் உன் அக்கா. தற்காலிக டீச்சர், வாயைத் திறக்கப் பயம், பெஞ்சுகளை மட்டும் ஓரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறாள். புழுக்கம் தாங்காமல் காற்றுக்காக அதன் கீழே வந்து நின்றிருக்கிறது குழந்தை.

இப்போது கமிட்டி வேறு கதை கட்டுகிறது. பிள்ளை பெஞ்சில் ஏறி றெக்கையைப் பிடித்துத் தொங்கினாளாம், அக்கா விசாரணையில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. சொல்லிவிட்டால் அந்தக் குழந்தையின் வைத்தியத்துக்கு ஒரு பைசா வராது. தையல்காரர் நேற்று கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எழுந்து நின்றேன். அப்பா பேர் இருந்த றெக்கையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பெரியவர் பேரு குப்பையில கெடக்கக் கூடாதுங்கம்மா என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கேட்டதைக் கேட்டபடி சொல், வேலை போனால் கல்லாவில் வந்து உட்கார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். கமிட்டிக்காரர்கள்தான் நம் பெரிய வாடிக்கை, அதுவும் போகும். போகட்டும், ஒற்றை ஆளாகக் கடை போட்டவள்தானே நான். ஆனால் அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

அடுத்த மாதக் கடைசியில் விசாரணை. அதற்குள் தலைவர் உன்னைக் கூப்பிடுவார், உங்கப்பா பேரு கெட்டுடும் தம்பி, அக்காகிட்ட நீங்க சொல்லுங்க என்பார். இளகிவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நீ நூறு வருஷம் குறையில்லாமல் வாழ வேண்டும். இதைப் படித்த கையோடு அக்காவைக் கூப்பிடு. நான் சொன்னால் கடைக்காரி அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம், தம்பி சொன்னால் அவளுக்குத் தைரியம் வரும்.

இப்படிக்கு, உன் குரலை நம்பி இருக்கும்
அம்மா