வயிற்றுக் கோடுகளுக்கு ஒரு மயில்

ஆடி வெள்ளி, இரவு.

இன்று புடவைக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, முருகன் மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் டாட்டூ கடைக்குப் போனேன். இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றின் கோடுகளை மறைக்கத்தான். போன வாரம் மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை இறக்கும்போது முந்தானை விலகியது. சரக்கு கொண்டுவந்த அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் முன்னாலேயே என் வீட்டுக்காரர் "வரிக்குதிரை" என்று சிரித்தார். மூட்டை சுமந்து நான் உண்டாக்கிய கடை. அன்றிலிருந்து அந்தக் கடையிலேயே முந்தானையால் இடுப்பை மூடி ஊக்கு குத்திக்கொண்டுதான் உட்காருகிறேன்.

டாட்டூக்காரன் படங்களைக் காட்டினான். "வேல் போட்டுக்கோங்கக்கா. நம்ம ஊரு சாமி."

"பாவாடை நாடா கட்டுற எடத்துல முருகன் வேலா? புத்தி இருக்குதா உனக்கு?"

"அப்போ மயிலு போட்டுக்கலாம். பாக்கறவங்க கண்ணு அங்கயே நிக்கும்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. இழை விட்ட புடவை வந்தால் பழுதைச் சொல்லித்தான் விற்பேன். மேலே பூ வைத்துத் தைத்தால், வருகிறவள் முதலில் அதைத்தான் சுரண்டிப் பார்ப்பாள். இது தெரிந்தும் இந்த மனுஷன் சிரிப்புக்காக ஊசிக்கு வயிற்றைக் காட்டப் போனேனே. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் பனியனை மார்புவரை சுருட்டி, தொப்பைக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னா, குத்திக்கினு வந்துட்டியா?"

"இல்ல பாவா. மயிலு தோகை விரிக்க உங்க வயித்துலதான் எடம் இருக்குது. நாளைக்கு நீங்க போங்க."

பனியனை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நாளைக்கு நான் ஊக்கு குத்தப்போவதில்லை.